வாசனை ரோஜா என்றால் நோஞ்சான் செடிதானா?

ஜனவரி 9

வாசகர் ஒருவர் எழுதியிருப்பது: "நல்ல வாசனை உள்ள ரோஜா எல்லாம் நோஞ்சான் செடி. நோயே வராது என்று சொல்லி விற்கிற ரோஜாவில் மூக்கை வைத்தால் ஒரு மணமும் இல்லை. இதில் வெயில் கொளுத்தும் இடம், பனி உறையும் இடம், மாதக்கணக்கில் மழை பெய்யும் இடம் என்றால் வாசனை ரோஜா ஆசையை விட்டுவிடுவதே நல்லது. முடியாது என்றால் வாராவாரம் மருந்தடிக்கத் தயாராக இருக்க வேண்டும். மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா?"

ஜனவரி 9, இரவு

எனக்கு உண்டு. நீங்கள் கண்ணால் பார்த்தது உண்மைதான். அதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. வாசனை இருந்தால் நோய் வரும் என்று எந்த விதியும் கிடையாது. போன நூற்றாண்டில் வந்த பல ரகங்களில் இரண்டும் சேர்ந்து அமைந்துவிட்டன. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒன்று மட்டும். ரோஜா வாங்கும்போது பூவின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் முன்னோர் எப்படிப்பட்ட தட்பவெப்பத்தில் வளர்ந்தவை என்று விசாரியுங்கள். நம் இடத்துக்கு ஒத்துப்போகும் வம்சமாக இருந்தால் மணமும் ஆரோக்கியமும் ஒரே செடியில் கிடைக்கும். என் தோட்டத்தில் வெயிலும் புழுக்கமும் அதிகம், நடுவில் விடாத மழை வேறு. அங்கேயே மருந்தில்லாமல் மணக்கிற செடிகள் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 10

அந்த வரலாறு. 1900இல் பிரான்சின் லியோன் நகரில் பெர்னே-டூஷே என்பவர் 'சோலை தோர்' என்ற ரோஜாவை வெளியிட்டார். அதற்கு முன்பு தோட்ட ரோஜாக்களில் அடர்ந்த மஞ்சள் அரிது. ஆசியாவின் வறண்ட மலைப்பகுதிகளைச் சேர்ந்த ரோசா ஃபொயெடிடா என்ற மஞ்சள் ரோஜாவைக் கலந்து அவர் அந்த நிறத்தைக் கொண்டுவந்தார். இன்று நாம் பார்க்கும் பளீர் மஞ்சள், ஆரஞ்சு, இரட்டை நிறம் எல்லாவற்றிலும் அந்த வழி இருக்கிறது. நிறத்தோடு இன்னொன்றும் கூடவே வந்தது: இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து உதிரச் செய்யும் கரும்புள்ளி நோயிடம் எளிதில் தோற்கும் குணம். ரோசா ஃபொயெடிடாவுக்கு அந்தப் பூஞ்சையைத் தாங்கும் திறன் மிகக் குறைவு.

பிறகு வெட்டுப்பூ வணிகம் வந்தது. நீளமான தண்டு, பெட்டியில் அடுக்கினால் நசுங்காத இதழ், குவளையில் பல நாள் நிற்கும் பூ, இவற்றுக்காகவே தேர்வு நடந்தது. மணம் கணக்கில் வரவில்லை. வளர்ப்புப் பண்ணையில் தொடர்ந்து பூஞ்சைக்கொல்லி அடித்ததால் எந்தச் செடி பலவீனமானது என்று வெளியே தெரியவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் இலை உதிர்கிறது.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் நவீன ரோஜா எதிலும் மணம் இல்லை என்று தோன்றும். அப்படி இல்லை. 'பாப்பா மெய்யாண்' (1963), 'மிஸ்டர் லிங்கன்' (1964), 'டபுள் டிலைட்' (1977) எல்லாம் மணத்துக்காகவே பேர் வாங்கியவை. ஆனால் ஈரம் மிகுந்த இடத்தில் இவற்றின் இலையைக் காப்பாற்றுவது பெரும்பாடு. கேள்வி கேட்டவர் வளர்த்துப் பார்த்தவை இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மறுபக்கம் 2000இல் வந்த 'நாக் அவுட்'. கரும்புள்ளியை நன்றாகத் தாங்கும், ஓயாமல் பூக்கும், மணம் பேருக்குத்தான். இந்த இரண்டு கோடியையும் பார்த்தவருக்கு நடுவில் எதுவும் கிடையாது என்ற எண்ணம் வருவது இயல்பு.

ஜனவரி 13

"இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி.

ரோஜா மணத்தில் முக்கியமான பொருள்களில் ஒன்று ஜெரானியால். ரோஜா அதை எந்த வழியில் உண்டாக்குகிறது என்பதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். நல்ல மணமுள்ள 'பாப்பா மெய்யாண்' இதழையும், மணம் குறைந்த இன்னொரு சிவப்பு ரோஜாவின் இதழையும் ஒப்பிட்டதில் நியூடிஎக்ஸ்1 என்ற நொதி அகப்பட்டது. மணமுள்ளதில் அது தீவிரமாக வேலை செய்கிறது, மற்றதில் அடங்கிக் கிடக்கிறது. கரும்புள்ளியைத் தடுக்கும் குணம் வேறு மரபணுக்களைச் சேர்ந்தது. அவற்றில் முதலில் அடையாளம் கண்ட ஆர்டிஆர்1 என்பது ரோசா மல்டிஃப்ளோரா வழியாக வந்தது. இரண்டும் தனித்தனிச் சமாச்சாரம். ஒன்றைத் தேடி மற்றொன்றைக் கவனிக்காமல் விட்டால் இழப்பு வரும். இரண்டையும் சேர்த்துத் தேடுகிறவர்களுக்கு இரண்டும் கிடைத்திருக்கிறது.

ஜெர்மனியில் ஏடிஆர் என்றொரு சோதனை நடக்கிறது. நாட்டின் பல இடங்களில் செடிகளை நட்டு, சில ஆண்டுகள் கவனித்து மதிப்பெண் போடுகிறார்கள். 1997 முதல் அந்த வயல்களில் பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ அடிப்பதில்லை. அதில் தேறிய ரோஜாக்களில் நன்றாக மணப்பவையும் உண்டு.

ஜனவரி 17

வெப்பத்துக்கு எந்த வம்சம் என்று கேட்டவருக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் சீன ரோஜாக்களும் டீ ரோஜாக்களும். டீ ரோஜாக்களின் மூதாதைகளில் ஒன்று ரோசா ஜைகான்டியா. மணிப்பூர், மியான்மர், யுன்னான் மலைகளில் மரத்தின் மேல் ஏறிப் படரும் ராட்சசக் கொடி அது. இந்த வம்சத்துக்குக் குளிர்கால உறக்கம் கட்டாயமில்லை. சூடும் தண்ணீரும் இருக்கும்வரை துளிர்க்கும், துளிரின் நுனியில் பூக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தபோது பனி தாங்காததால் இவற்றைக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தார்கள். அங்கே பலவீனமானது என்று பேர் வாங்கிய அதே செடி வெப்பமான நிலத்தில் ஆளுயரப் புதராகிறது. பெர்முடா தீவுகளில் உப்புக்காற்று, புழுக்கம், சுண்ணாம்பு மண் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு பழைய டீ, சீன ரகங்கள் காலங்காலமாக நிற்கின்றன. சிலவற்றுக்கு உண்மையான பேர் கூடத் தெரியாது.

அடுத்து நாய்செட். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் வெயிலிலும் புழுக்கத்திலும் பிறந்த வகை. ஜான் சாம்ப்னீஸ் என்பவரின் தோட்டத்தில் 1800களின் தொடக்கத்தில் கஸ்தூரி ரோஜாவும் 'ஓல்ட் பிளஷ்' என்ற சீன ரோஜாவும் கலந்து உருவானது. கொத்துக் கொத்தாகப் பூக்கும். கஸ்தூரி ரோஜாவின் மணம் பெரும்பாலும் மகரந்தத் தாள்களிலிருந்து வருவது, காற்றில் மிதந்து தூரம் போகும். அந்த வழியில் வந்த ரகங்களைக் குனிந்து முகர வேண்டியதில்லை.

மூன்றாவது போர்பன். இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் எனப்படும் தீவின் பழைய பெயர் போர்பன். அங்கே வேலியாக நட்டிருந்த 'ஆட்டம் டமாஸ்க்' என்ற பன்னீர் ரோஜாவும் ஓல்ட் பிளஷ்ஷும் தாமாகக் கலந்து பிறந்த செடி இந்த வகைக்குத் தாய். அதன் விதைகள் 1820ஐ ஒட்டி பிரான்சுக்குப் போயின. டமாஸ்க்கின் பன்னீர் மணமும் சீன ரோஜாவின் ஓயாத பூப்பும் சேர்ந்தது. மணத்துக்கு இதை மிஞ்ச ஆள் குறைவு. நோயைத் தாங்குவதில் மட்டும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. முள்ளே இல்லாத 'ஸெஃபரின் ட்ரூஆன்' (1868) அருமையாக மணக்கும், இலையில் வெள்ளைத் தூள் படியும் சாம்பல் நோயும் கரும்புள்ளியும் விடாது.

என்னிடம் இருப்பதில் ஒன்றைச் சொல்கிறேன். 'டச்சஸ் டி பிரபான்ட்', 1857ஆம் ஆண்டின் டீ ரோஜா. பூ கோப்பை மாதிரி, உள்ளே சிப்பியின் உட்புறத்து இளஞ்சிவப்பு. காம்பு மெல்லியது என்பதால் தலை எப்போதும் குனிந்தே இருக்கும். இரண்டு விரலால் பூவை நிமிர்த்தி முகர்ந்தால் முதலில் பழம் போல ஓர் இனிப்பு, அதன் பின்னால் காய்ந்த தேயிலையின் மெல்லிய வாடை. புதுத்துளிர் செம்பு நிறத்தில் பளபளக்கும், முதிர்ந்தால் வழுவழுப்பான பச்சை. கீழ் இலையில் மழைக்காலத்தில் சில புள்ளிகள் வரும், அதோடு நின்றுவிடும்.

ஜனவரி 18

நேற்று எழுதியதோடு இரண்டு சேர்க்க வேண்டும்.

ஒன்று, டீ ரோஜாவையும் கலப்பின டீயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கலப்பின டீ என்பது 1867இல் வந்த 'லா பிரான்ஸ்' தொடங்கி உருவான பெரிய பூ வகை. கடைகளில் டீ என்று சொல்லித் தருவது பெரும்பாலும் இதுதான். கவாத்து முறையும் வேறு. கலப்பின டீயைத் தாழ வெட்டினால் வேகமாகத் திரும்பி வரும். அசல் டீ ரோஜாவை அப்படி வெட்டினால் பாதிச் செடி எழுந்திருக்காது. காய்ந்த குச்சி, உரசும் குச்சி, பூத்து முடிந்த நுனி, இவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

இரண்டு, வெப்பப் பகுதிகளுக்கென்றே ரோஜா உருவாக்குகிறவர்கள் உண்டு. கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவன் ரோசா ஜைகான்டியாவையும், வெள்ளம் வந்து போகும் ஈரநிலத்தில் வளரும் ரோசா கிளினோஃபில்லாவையும் வைத்துப் பல கலப்பினங்கள் உருவாக்கியிருக்கிறார். குளிர்நாட்டு ரோஜாவை வெயிலுக்குப் பழக்கப் பார்ப்பதை விட்டு, வெயிலில் பிறந்த காட்டு ரோஜாவிலிருந்தே தொடங்கும் முறை இது. எல்லா நாட்டிலும் இது நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜனவரி 25

பனி உறையும் இடத்தில் இருப்பவரின் கேள்வி. மேலே நான் புகழ்ந்த டீ ரோஜாக்கள் உங்களுக்கு உதவாது, குளிர்காலத்தைத் தாண்டாது. உங்களுக்கு ருகோசாதான். கிழக்கு ஆசியக் கடற்கரை மணலில் வளர்வது. உறைபனி, உப்பு, காற்று மூன்றும் அதற்குப் பழக்கம். இலை சுருக்கம் விழுந்து தடிமனாக இருக்கும், கரும்புள்ளி அதிகம் ஒட்டாது. 'ஹான்சா' (1905) கிராம்பு கலந்த கனத்த மணம். 'பிளான் டூப்ளே த கூபேர்' வெள்ளை, மாலையிலும் மணக்கும். வாசனையும் ஆரோக்கியமும் சேராது என்பவர்கள் ஒரு ருகோசாப் புதர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும்.

ருகோசாவுக்கு மருந்து அடிக்காதீர்கள். பல தெளிப்பு மருந்துகளில் அதன் இலை கருகிவிடும்.

கனடா அரசின் வேளாண் ஆய்வில், ஒட்டாவாவில் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசை இருக்கிறது. கடுங்குளிரில் மூடாமல் விட்டும் பிழைப்பவை, மணம் பலவற்றில் மிதம்தான். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிஃபித் பக் உருவாக்கியவையும் பாருங்கள். மருந்தும் இல்லாமல், குளிர்காலப் பாதுகாப்பும் இல்லாமல் திறந்த வயலில் விட்டுப் பிழைத்ததை மட்டும் எடுத்தார். பழுப்பும் ஊதாவும் கலந்த 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' அவருடையது, சோம்பு மாதிரி நல்ல மணம்.

பழைய கேலிகா, டமாஸ்க், ஆல்பா வகைகளும் உங்கள் பக்கம்தான். பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும் என்றாலும், அந்தச் சில வாரங்கள் தோட்டம் முழுக்க மணம். இவற்றுக்குக் குளிர் தேவை. வெப்பமான இடத்தில் நட்டால் இலையாக வளரும், பூ வராது.

பிப்ரவரி 2

மழை. இதுதான் என் பிரச்சினை, அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

கரும்புள்ளிப் பூஞ்சையின் வித்து இலைக்குள் நுழைய, இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். பரவுவதும் பெரும்பாலும் தண்ணீர்த் தெறிப்பில்தான். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை புரிந்துவிடும். காலையில் நேர்வெயில் படும் இடத்தில் நட்டால் இரவு ஈரம் சீக்கிரம் காயும். செடிகளுக்கு நடுவே கைவீசி நடக்கிற இடைவெளி விட்டால் காற்று ஈரத்தைத் துடைக்கும். தண்ணீரை அடியில் விடவும், மாலையில் தலைக்கு ஊற்றவே வேண்டாம். கீழே மூடாக்குப் போட்டால் மழைத்துளி மண்ணிலிருந்து வித்தை மேலே தெறிக்காது.

நோயை அடையாளம் காண: புள்ளியின் ஓரம் நேர்க்கோடாக இருக்காது, சிறு நார்கள் போலப் பிசிறடிக்கும். சுற்றிலும் மஞ்சள் படரும், தொட்டால் இலை உதிரும். இந்தப் பிசிறு ஓரம் இல்லாத செம்பழுப்புப் புள்ளி என்றால் வேறு ஏதோ, அதற்குக் கரும்புள்ளி மருந்து வாங்காதீர்கள். உதிர்ந்த இலையை அன்றன்றே பொறுக்கி அகற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்கு ஈடான மருந்து இல்லை.

பிப்ரவரி 3

சாம்பல் நோயும் இப்படித்தானே என்றார் ஒருவர். இல்லை, கிட்டத்தட்ட தலைகீழ். அதன் வித்து முளைக்க இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, நின்றால் அதற்குத்தான் கெடுதல். பகலில் மிதமான சூடு, இரவில் குளிர்ந்த ஈரக்காற்று, காய்ந்த இலை, இதுதான் அதற்கு ஏற்ற சூழல். சுவரை ஒட்டிக் காற்றோட்டமில்லாமல் நிற்கும் செடியிலும், தழைச்சத்து அதிகம் போட்டு மெத்தென்று வளர்ந்த துளிரிலும் முதலில் வரும். காலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே குறையும். மாலையில் கழுவினால் கரும்புள்ளியை அழைத்துவந்த மாதிரி ஆகிவிடும்.

பிப்ரவரி 15

பூ, இலை என்று பேசிக்கொண்டே வேரை மறந்துவிட்டோம். ஒரு வாசகி எழுதியிருந்தார்: அதே ரகம், தோழி வீட்டில் கொழுகொழுவென்று நிற்கிறது, இவர் வீட்டில் மஞ்சளாகி நிற்கிறது. எந்த வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விற்பவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லையாம். பெரும்பாலும் இதுதான் நடக்கிறது, எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஒட்டுச் செடியில் மேலே இருப்பது ஒரு ரோஜா, கீழே இருப்பது வேறு ரோஜா. ரோசா மல்டிஃப்ளோரா வேர் அமில மண்ணில் நன்றாக ஓடும், குளிரும் தாங்கும். கார மண்ணில் இலை வெளுத்துவிடும். 'டாக்டர் ஹியூயி' கார மண்ணுக்கும் வறட்சிக்கும் நல்லது. ரோசா ஃபார்ச்சூனியானா வெப்பமான மணற்பாங்கான நிலத்துக்கு அருமை, வேரைத் தாக்கும் நூற்புழுவை நன்கு தாங்கும். ஃபுளோரிடாவில் அதில் கட்டிய செடிகளைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஆனால் கடுங்குளிர் அதற்கு ஆகாது.

கடுங்குளிர் இடத்தில் ஒட்டுப்பகுதியை மண்ணுக்குள் நாலைந்து விரற்கடை இறக்கி நடவேண்டும், மேலே உறைந்தாலும் உள்ளிருந்து துளிர்க்கும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் அதே பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், இல்லையென்றால் அழுகும். இணையத்தில் இரண்டு அறிவுரையும் கிடைக்கும், இரண்டும் அவரவர் இடத்துக்குச் சரி.

சொந்த வேரில் வளரும் பதியன் செடி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். முதல் வருடம் சின்னதாக இருக்கும், பொறுமை வேண்டும். ஆனால் பனியிலோ வறட்சியிலோ அடிவரை காய்ந்தாலும் கீழிருந்து அதே ரகம்தான் முளைக்கும். சீன, டீ ரகங்கள் குச்சியிலேயே எளிதாக வேர் விடும், ஒட்டுக்கே அவசியமில்லை.

பிப்ரவரி 16

அந்த மஞ்சள் இலை. எந்த இலை மஞ்சள் என்று பார்க்கச் சொன்னேன். கீழே இருக்கும் முதிர்ந்த இலை ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. மேலே இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறை. அவருக்கு இரண்டாவது. மண்ணில் இரும்பு இருக்கும், கார மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. ரோஜாவுக்கு மண்ணின் பிஎச் அளவு 6இலிருந்து 6.5 வரை இருந்தால் நிம்மதி. 7.5ஐத் தாண்டிய மண்ணில் சாதாரண இரும்பு உரம் போட்டுப் பயனில்லை, ஈடிடிஎச்ஏ என்று எழுதியிருக்கும் இரும்பு உரம்தான் வேலை செய்யும். அது தற்காலிகம். நிலையான வழி, மக்கிய உரம் சேர்த்துக்கொண்டே இருப்பது, பொருத்தமான வேரில் அடுத்த செடியை வாங்குவது.

மார்ச் 4

"வாங்கும்போது மணந்தது, வீட்டில் மணக்கவில்லை." இதை இன்னும் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். பல நேரம் செடி மீது குற்றமில்லை.

மணம் இதழின் மேல்தோல் செல்களில் உண்டாகி ஆவியாக வெளியேறுகிறது. சூடு ஏற ஏற வேகமாக வெளியேறும். கொளுத்தும் பகலில் நண்பகலுக்குள் பூ தன்னிடம் இருந்ததை எல்லாம் விட்டுக் காலியாகிவிடும். குளிர்ந்த காலையில் வெளியேற்றமே குறைவு. பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கில் டமாஸ்க் பூக்களை விடியற்காலையில் பறிக்கத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிப்பது இதனால்தான். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும், வெயிலில் ஒரு மணி நேரம் போனாலும் அவர்களுக்கு நஷ்டம்.

அதனால் பனி காய்ந்த பிறகு, வெயில் உறைப்பதற்கு முன், பாதி விரிந்த பூவை முகருங்கள். குளிராக இருந்தால் உள்ளங்கையால் பூவைச் சற்று நேரம் பொத்திப் பிடித்து, வாயால் மெல்ல ஊதிவிட்டு முகருங்கள். அந்தச் சூட்டில் மணம் எழும். காற்று வேகமாக அடிக்கும் மூலையில் நட்டிருந்தால் வாசனை நிற்காது, மூன்று பக்கம் மறைவுள்ள முற்றத்தில் அதே செடி வேறு மாதிரி மணக்கும்.

இன்னொன்று. எல்லா மூக்கும் ஒரே மாதிரி இல்லை. 1961இல் வந்த 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை', இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் உருவாக்கிய ரோஜா, அதில் வெள்ளைப்போளம் என்ற நறுமணப் பிசின் மாதிரி ஒரு மணம் உண்டு. சிலருக்கு அது தெய்வீகம், சிலருக்கு மருந்து நெடி. பழம், கிராம்பு, தேயிலை, பன்னீர், எலுமிச்சை என்று ரோஜா மணம் பலவகை. வாசனை இல்லை என்று ஒதுக்கிய பூவை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து முகரச் சொல்லிப் பாருங்கள்.

மார்ச் 22

கோடை தொடங்கிவிட்டது. கேள்விகள் குவிகின்றன, சுருக்கமாக.

பூ சிறுத்து, நிறம் வெளுத்து, ஒரே நாளில் உதிர்கிறதா? கடும் சூட்டில் அப்படித்தான் இருக்கும். செடி பிழைத்திருக்கிறதே, அதைப் பாருங்கள். மாலை வெயிலுக்கு நிழல் கொடுங்கள், காலை வெயில் அவசியம். தினம் கொஞ்சம் ஊற்றுவதைவிட, விட்டு விட்டு வேர் ஆழம்வரை இறங்க ஊற்றுங்கள். தொட்டிச் செடிக்கு இது பொருந்தாது, அதற்குத் தினமும் வேண்டும். கறுப்புத் தொட்டி வெயிலில் கொதிக்கும், வெளிர்நிறத் தொட்டிக்கு மாற்றுங்கள் அல்லது வெளியே ஒரு சாக்கைச் சுற்றுங்கள். இலையின் ஓரம் மட்டும் கருகினால் தண்ணீரில் உப்பு இருக்கலாம். மழை பெய்யும்போது தொட்டியைத் திறந்தவெளியில் வைத்து உப்பை அலசவிடுங்கள்.

உச்ச வெயிலில் உரம் வேண்டாம். கவாத்தும் வேண்டாம்.

ஏப்ரல் 11

மொட்டு விரியாமல் ஓரம் பழுத்து நிற்கிறது, பூஞ்சையா என்று படம் அனுப்பியவருக்கு: ஒரு மொட்டைப் பறித்து வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ, நூல் துண்டு மாதிரி நீண்ட சிறு பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். வெளிர்நிற, மணமுள்ள பூக்கள் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். பாதித்த மொட்டுகளைப் பறித்து மூட்டைகட்டி அகற்றினாலே அடுத்த சுற்று தேவலாம்.

இலை மேல்புறம் ஊசி குத்தினாற்போல வெளிறிப் புள்ளி புள்ளியாக, அடியில் மெல்லிய வலை என்றால் செஞ்சிலந்தி. வறண்ட சூட்டில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடித்துவிடும். இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சுங்கள், சில நாள் தொடர்ந்து. கிடைத்த பூச்சிமருந்தை அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், சிலந்தி பெருகும்.

ஏப்ரல் 12

பிப்ரவரி 3இல் சாம்பல் நோய்க்குக் காலையில் கழுவச் சொன்னேன், நேற்று சிலந்திக்கும் கழுவச் சொன்னேன். பிப்ரவரி 2இல் இலையை நனைக்காதே என்றேன். முரண்பாடு போலத் தெரிகிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், நல்லது. கணக்கு நேரத்தில்தான் இருக்கிறது. காலையில் நனைத்து இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டால் கரும்புள்ளி நுழைய முடியாது. வானம் மூடிக்கிடக்கும் நாளில் கழுவ வேண்டாம்.

மே 6

"மருந்தில்லாமல்" என்று முதல் நாள் எழுதியதை இப்போது விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. என் செடிகளில் ஒரு புள்ளி இல்லாத இலைகளே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கீழ் இலை சில உதிரும், மேலே புது இலை வந்துகொண்டிருக்கும், பூவும் நிற்காது. அதைத்தான் ஆரோக்கியம் என்கிறேன். மழைக்கால நடுவில் மொட்டைக் குச்சியாக நின்று, வருடா வருடம் உயரம் குறைந்துகொண்டே போகும் செடியை நான் வைத்திருப்பதில்லை. எவ்வளவு மணந்தாலும் சரி.

கரும்புள்ளிப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் இலைகூட வாடாத ரகம் இன்னோர் இடத்தில் விழுந்துவிடுவது அதனால்தான். பெரிய பட்டியல்களைவிட, உங்களைப் போன்ற தட்பவெப்பத்தில் மருந்தடிக்காமல் வளர்க்கும் ஒருவரின் தோட்டத்தை மழைக்காலக் கடைசியில் போய்ப் பார்ப்பது மேல். பூக்காலத்தில் போகாதீர்கள், எல்லாச் செடியும் அப்போது அழகாகத்தான் இருக்கும்.

ஜூன் 28

நல்ல மழை. 'சூவனீர் த லா மல்மேசோன்' (1843) செடியில் மொட்டெல்லாம் கட்டிக்கொண்டுவிட்டது. அடுக்கடுக்காக நிறைய இதழ், வெளி இதழ் நனைந்து ஒட்டிக் காய்ந்தால் காகித உறை போல இறுகிவிடும், உள்ளே பூ அழுகும். மழை விட்டதும் அந்த வெளி இதழ்களை நகத்தால் மெதுவாக உரித்துவிட்டால் சில பூக்கள் தப்பும். வறண்ட சூட்டில் இதைவிட அழகான பூ இல்லை.

இதே ரகத்திலிருந்து அயர்லாந்தில் தானாகத் தோன்றிய ஒரு கிளைதான் 'சூவனீர் த செயின்ட் ஆன்ஸ்'. இதழ் மிகக் குறைவு, மழையில் கட்டிக்கொள்ளாது, நடுவே மகரந்தத் தாள்கள் திறந்து தெரியும். அவற்றிலிருந்து வரும் மணம் தாய்ச்செடியில் இல்லாத ஒன்று. இரண்டும் அருகருகே நிற்கின்றன: ஒன்று கட்டிய மொட்டோடு, மற்றது தேனீயோடு. மழைப்பகுதிக்கு ரோஜா தேடுபவர்கள் இதழ் குறைந்த பூவைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஜூலை 3

நுனியிலிருந்து குச்சி கறுத்துக் கீழே இறங்குகிறது என்றவருக்கு: நுனிக்கருகல். கறுப்புக்குக் கீழே ஒரு துண்டு வெட்டி உள்தண்டைப் பாருங்கள். நடுச்சோறு பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே, இன்னும் கீழே. வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ தெரியும்வரை வெட்டவேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) துடைக்கவும். மழை பெய்யும்போது வெட்ட வேண்டாம்.

ஜூலை 4

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், மகிழ்ச்சி. "சரி, ஒரே ஒரு செடி வாங்குகிறேன், எது?"

உங்கள் இடம் புழுக்கமும் மழையும் என்று இப்போது சொன்னதால்: டச்சஸ் டி பிரபான்ட், சொந்த வேரில். அது கிடைக்கவில்லை என்றால் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், குறைந்த பராமரிப்பில் செடிகளை வளர்த்துப் பார்க்கும் எர்த்-கைண்ட் சோதனையில் தேர்ந்தெடுத்த 'பெலிண்டாஸ் ட்ரீம்'. பெரிய இளஞ்சிவப்புப் பூ, பழ மணம், கலப்பின டீ மாதிரியே தோற்றம். மஞ்சள்தான் வேண்டும் என்றால் 'லேடி ஹில்லிங்டன்' (1910).

வாங்கும் இடத்தில் பூ நிறைந்த செடியைத் தேடாதீர்கள். பென்சில் தடிமனுள்ள தண்டு அடியிலிருந்து குறைந்தது மூன்று இருக்கட்டும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பிறகு விற்பவரிடம் கேட்டுக்கொண்டு தொட்டியிலிருந்து செடியைச் சற்றே தூக்கி வேரைப் பாருங்கள். நுனி வெள்ளையாக, மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பழுப்பாக மெத்தென்று இருந்தாலோ, தொட்டிச் சுவரைச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தாலோ, பூ எவ்வளவு மணந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.